மைக் நீட்டியவரின் கதை

பிபிசி ஒன்றில் பதினேழு வருஷத்துக்கு மேல் காலை வேளையில் ஓடிய பேச்சு நிகழ்ச்சி 'கில்ராய்'. நடத்தியவர் ராபர்ட் கில்ராய்-சில்க். 1974 முதல் லேபர் கட்சி எம்.பி.யாக இருந்தவர், 1986ல் பதவியை விட்டுவிட்டு டிவிக்கு வந்தார். 'டே டு டே' என்று ஆரம்பித்த நிகழ்ச்சி, 1987ல் அவர் பெயருக்கே மாறியது.

நட்சத்திரங்கள் யாரும் இல்லை. சாதாரண ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இவர் மைக்கோடு நடுவில் புகுந்து, பக்கத்திலேயே உட்கார்ந்து கதை கேட்பார். வீட்டுக்குள் புழுங்கிய விஷயமெல்லாம் வெளியே வரும்.

சரிவு வேறு பக்கமிருந்து வந்தது. 'சண்டே எக்ஸ்பிரஸ்' பத்திரிகையில் அரபு மக்கள் அத்தனை பேரையும் ஒட்டுமொத்தமாக இழிவுபடுத்தி எழுதினார். 2003 ஏப்ரலில் அது பெரிய சலசலப்பு இல்லாமல் போனது. 2004 ஜனவரி 4ல் அதே கட்டுரை மறுபடியும் அச்சானபோது பிரிட்டன் கொதித்தது. 9ஆம் தேதி பிபிசி நிகழ்ச்சியை நிறுத்தி வைத்தது. 16ஆம் தேதி அவர் விலகினார். அத்தோடு 'கில்ராய்' முடிந்தது.

பேச்சுரிமை போச்சு என்றார்கள் ஆதரவாளர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் வாயை யாரும் கட்டவில்லை. அதே வருஷம் ஜூனில் யுகிப் கட்சி சார்பில் ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கே ஜெயித்துப் போனார். போனது நம்பிக்கை. எதிரே உட்கார்ந்திருப்பவர் அரபுக்காரராக இருந்தால், அந்த மைக்கை நம்பி எப்படி வாய் திறப்பார்?

'இந்த மதராஸிகளே இப்படித்தான்' என்பதை வெளியூரில் ஒரு தடவையாவது கேட்டிருக்கும் நமக்கு, இதை யாரும் விளக்கத் தேவையில்லை.