அமெரிக்க அதிபர்களும் ரயில் சட்டங்களும்

லிங்கன் என்றதும் அடிமை ஒழிப்புதான் நம் நினைவுக்கு வரும். ரயில்வே கம்பெனிகளுக்காக வாதாடிய வக்கீல் லிங்கனைப் பலருக்குத் தெரியாது. 1862 ஜூலை 1-ம் தேதி, உள்நாட்டுப் போருக்கு நடுவிலேயே, பசிபிக் ரயில்வே சட்டத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு மைல் பாதைக்கும் சமவெளியில் 16,000 டாலர், மலையில் 48,000 டாலர் அரசுக் கடன் பத்திரம். கூடவே இலவச நிலம்! கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த பாதைகள் 1869 மே 10-ல் யூட்டாவில் இணைந்தன.

வளர்ந்த கம்பெனிகள் கட்டணத்தை இஷ்டம்போல வைத்தன. பெரிய வியாபாரிக்குச் சலுகை, சிறு விவசாயிக்குச் சுமை. 1887-ல் குரோவர் கிளீவ்லாண்ட் கையெழுத்திட்ட சட்டம், கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும் என்றது. கண்காணிக்க ஓர் ஆணையமும் வந்தது. ஆனால் உச்சக் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் அதற்கு 1906-ல், தியோடர் ரூஸ்வெல்ட் காலத்தில்தான் கிடைத்தது.

சரி, ரயிலில் வேலை செய்தவர்கள்? என்னை யோசிக்க வைத்தது இதுதான். அன்று சரக்குப் பெட்டிகளை இணைக்க இருந்தது ஓர் இரும்பு வளையமும் ஓர் ஆணியும். பெட்டி நகர்ந்து வரும்போது தொழிலாளி நடுவில் நின்று வளையத்தைக் கையால் பிடித்துப் பொருத்த வேண்டும். ஒரு நொடி தப்பினால் விரல் போச்சு, சில சமயம் உயிரே போச்சு. பிரேக் போட ஓடும் ரயிலின் கூரைமேல் நடக்க வேண்டும்.

மாற்று இல்லாமல் இல்லை. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸின் ஏர் பிரேக் 1869-லும், ஈலை ஜானியின் தானியங்கி கப்ளிங் 1873-லும் காப்புரிமை பெற்றுவிட்டன. செலவை நினைத்துக் கம்பெனிகள் தள்ளிப்போட்டன. அயோவா விவசாயி லோரன்சோ காஃபின் பல ஆண்டுகள் இதற்காக அலைந்தார். போர்வீரனுக்கு இணையான ஆபத்தில் ரயில் தொழிலாளி இருப்பது நம் நாகரிகத்துக்கே இழுக்கு என்று அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் 1889-ல் காங்கிரசிடம் சொன்னார். பதவி முடிய இரண்டு நாள் இருக்கையில், 1893 மார்ச் 2-ல், பாதுகாப்புச் சாதனச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1898 பிறப்பதற்குள் மாற்ற வேண்டும் என்ற கெடு, 1900 ஆகஸ்ட் வரை நீண்டது. கப்ளிங் விபத்துகளும் வெகுவாகக் குறைந்தன.

கணக்குப் பாருங்கள். தண்டவாளம் போட 1862-ல் சட்டம், கட்டணத்துக்கு 1887-ல், தொழிலாளியின் கைக்கு 1893-ல். அதுவும் கருவி வந்து இருபது ஆண்டுகள் கழித்து! ஹாரிசனைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கோ இந்த வரிசையில் அவர் கையெழுத்துதான் பெரிதாகத் தெரிகிறது.