கப்பலில் வந்த சிப்பி

எங்கள் திருப்பாதிரிப்புலியூரை ஒட்டி ஓடும் கெடிலம் கடலூரில் கடலைச் சேர்கிறது. துறைமுக ஊர்க்காரர்களான எங்களுக்கு மட்டி புதிதில்லை. ஆனால் மட்டிகளும் கடல் தாண்டும்.

கார்பிகுலா என்ற ஆசிய நன்னீர் மட்டி 1938-இல் அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் கிடைத்தது. உணவுக்காகக் கொண்டுபோயிருக்கலாம் என்பார்கள். துணையில்லாமலே பெருகும், ஒன்று போதும், ஓடை நிறைந்துவிடும். 1980-இல் ஆர்கன்சாவில் குழாய்களை அடைத்து ஓர் அணு உலையையே நிறுத்தவைத்தது.

எதிர்த்திசையிலும் பயணம் நடந்தது. கரீபியப் பகுதியின் கறுப்புவரிச் சிப்பி 1967-வாக்கில் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் தென்பட்டது. தென் அமெரிக்கச் சிப்பியான மைடெல்லா இன்று எண்ணூர், பழவேற்காடு கழிமுகங்களில் பாய் விரித்த மாதிரி படர்ந்திருக்கிறது. மீனவர்கள் வைத்த பெயர் காக்கா ஆழி. கப்பல்கள் ஆட்டம் காணாமலிருக்க ஒரு துறைமுகத்தில் நிரப்பி இன்னொன்றில் கொட்டும் தண்ணீரில் அதன் இளம்புழுக்கள் வந்திருக்கலாம். அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டும் வந்திருக்கலாம்.

சிப்பி மூடிய சேற்றில் இறால் பதுங்க முடியாது. கையால் தடவி இறால் பிடிக்கிறவங்களுக்குப் படகும் கிடையாது, வலையும் கிடையாது. சேறுதான் முதல். அதுவே போச்சு.

கப்பல் நீரைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் 2004-இல் ஏற்கப்பட்டு, 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இனி வருவதை அது தடுக்கலாம். வந்து ஒட்டிக்கொண்டதை என்ன செய்வது? சரக்குக்கு வரி உண்டு, ரசீது உண்டு. கூடவே வந்த சிப்பிக்கான விலையை, இறால் தடவுகிறவர்கள்தான் கட்டுகிறார்கள்.