கோல்ப் வீச்சிற் கையுந் தோளும்

கோல்ப் ஆட்டத்திற் பந்தைச் செலுத்தும் விசை கையிற் பிறப்பதா, தோளிற் பிறப்பதா என்னும் வினா, அவ்வாட்டத்தைப் பயிற்றுவோரிடையே நெடுங்காலமாக நிலவிவருவதாகும். இதற்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கூறப்பட்டன. மனிதனின் உடலமைப்பு அக்காலங்களில் மாறிற்றில்லை. அவன் கைக்கொண்ட கருவிகளே மாறின. விடைகள் வேறுபட்டமைக்கு இதுவே தலையாய காரணம் எனலாம்.

ஸ்கொட்லாந்து தேசத்தில் 1457ஆம் ஆண்டு, விற்பயிற்சிக்கு இடையூறாகும் எனக் கருதி, இவ்வாட்டத்தைப் பாராளுமன்றம் தடைசெய்தது. அத்துணைப் பழைமையுடைய இவ்வாட்டத்திற் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹிக்கரி என்னும் மரத்தாலான தண்டுகள் பெருவழக்காயின. இம்மரத்தண்டு முறுகுமியல்பினது. கைகள் திடீரென விசைகொள்ளின் தண்டு முறுகும். மட்டையின் முகம் திரும்பும். பந்து நெறி பிறழும். ஆதலின் அக்கால ஆட்டக்காரர் தோள்களை நன்கு திருப்பி, மட்டையை உடலைச் சுற்றித் தாழ்வாகவும் நீளமாகவும் வீசினர். இறகு திணித்த தோற்பந்து வழங்கிய காலத்தும், 1848ஆம் ஆண்டளவிற் குத்தாபெர்ச்சா என்னும் மலாய் நாட்டு மரப்பிசினாலான பந்து வந்த பின்னரும் இம்முறை நீடித்தது.

ஜேர்சித் தீவிற் பிறந்த ஹரி வார்டன் இவ்வழக்கிலிருந்து விலகி, மட்டையை நிமிர்வாக உயர்த்தி வீசினார். வீச்சின் உச்சியில் அவரது இடது முழங்கை சிறிது மடிந்திருந்தது. அவர் 1896 முதல் 1914 வரை பிரித்தானிய ஓப்பன் போட்டியில் ஆறு முறை வெற்றி பெற்றார்.

செயின்ட் அன்றூஸ் கழகம் 1929ஆம் ஆண்டில் எஃகுத் தண்டினை அனுமதித்தது. எஃகு மரத்தைப்போல முறுகுவதில்லை. எனவே உடலின் பெருந்தசைகளின் விசையை அச்சமின்றி மட்டைக்குச் செலுத்தல் இயல்வதாயிற்று. அமெரிக்கரான பைரன் நெல்சன் இப்புதுக் கருவிக்கேற்பத் தம் வீச்சைத் திருத்தியமைத்தார். 1945ஆம் ஆண்டிற் பதினொரு போட்டிகளைத் தொடர்ந்து வென்றார். பென் ஹோகன் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், தோள்கள் ஏறக்குறைய 90 பாகை திரும்பவேண்டும் எனவும், கீழ்நோக்கிய வீச்சை இடுப்பே தொடங்கவேண்டும் எனவும் விதித்தார். முழங்கை மடிந்த வார்டனின் வீச்சு, இடது கையை நீட்டிவைக்கக் கற்பித்த பிற்காலத்தவருக்குக் குறையாகத் தோன்றிற்று.

அலஸ்டேயர் கொக்ரன், ஜோன் ஸ்டொப்ஸ் என்னும் இருவர் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்வினாவைப் பௌதிக நெறியில் நோக்கிற்று. அவர்கள் வீச்சினை இரட்டை ஊசலாகக் கண்டனர். தோளும் கையும் இணைந்து மேல் நெம்புகோலாகும். மட்டை கீழ் நெம்புகோலாகும். மணிக்கட்டு இரண்டிற்கும் இடையிலுள்ள கீலாகும். மேல் நெம்புகோல் மார்பின் மேற்பாகத்தை மையமாகக்கொண்டு சுழலும். விசையின் பெரும்பகுதியைக் காலும் இடுப்பும் உடலுமே அளிக்கின்றன. தோளும் கையும் அதனை மட்டைக்குக் கடத்துகின்றன.

இதனாற் கையுந் தோளும் தம்முட் போட்டியிடும் உறுப்புக்களல்ல என்பது தெளிவாம். மரத்தண்டினர் வகுத்த விதி அவர் கருவிக்குப் பொருந்திற்று. எஃகுத் தண்டினர் விதி அவர்தம் கருவிக்குப் பொருந்திற்று. விதியை மட்டும் மனனஞ்செய்து அது பிறந்த காரணத்தை ஆராயாதார், கருவி மாறியபொழுது பழைய விதியையே பற்றிநின்று இடர்ப்படுவர். பயிற்றுவோரும் பயில்வோரும் கருதத்தக்க உண்மை இதுவேயாம்.