சிங்கப்பூரின் வீட்டுக் குப்பை: சதுப்புநிலக் கிடங்கிலிருந்து செமாக்காவ் வரை

சிங்கப்பூர் தன் வீட்டுக் குப்பையின் பெரும்பகுதியை எரித்து, அந்த வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கிறது. மிஞ்சும் சாம்பலைக் கடலுக்குள் அமைத்த நிரப்புதளம் ஒன்றில் கொட்டுகிறது. நிலம் குறைந்த தீவு என்பதால் 1970களில் இந்த வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. குப்பைக்கு இடம் தேடும் நெருக்கடியை அது பல பத்தாண்டுகளுக்குத் தள்ளிப்போட்டது. அதே வேளையில், குப்பையை வீட்டிலேயே பிரித்து வைக்கும் பழக்கம் மக்களிடம் வேரூன்றாமல் போனதற்கும் அந்த முறையின் வசதி ஒரு காரணமாயிற்று.

கிடங்குகளின் காலம்

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் தெருக்களைக் கூட்டுவதும் குப்பை அள்ளுவதும் நகராண்மைக் கழகத்தின் வேலையாக இருந்தன. இவ்வேலைகளில் தென்னிந்தியத் தொழிலாளர்கள், குறிப்பாகத் தமிழர்கள், பெருமளவில் அமர்த்தப்பட்டனர். நாட்கூலிக்கு உழைத்த அவர்களின் சங்கங்கள் விடுதலைக்குப் பின்னும் வலுவாக இருந்தன. 1967 பிப்ரவரியில் சுமார் 2,400 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அரசு அதைச் சட்டவிரோதம் என்றது. அவர்கள் தாங்களாகவே வேலையை இழந்ததாகக் கருதி, புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னது. சிங்கப்பூரின் தொழிற்சங்க வரலாற்றில் இது ஒரு திருப்பமாகக் கருதப்படுகிறது. மறு ஆண்டு, 1968 அக்டோபரில், பிரதமர் லீ குவான் யூ நாட்டைத் தூய்மையாக வைத்திருப்பதற்கான இயக்கத்தைத் தொடங்கிவைத்தார்.

தெரு தூய்மையானாலும் குப்பை எங்கோ போய்ச் சேரத்தான் வேண்டும். லோரோங் ஹாலுஸ், சுவா சூ காங், லிம் சூ காங் ஆகிய இடங்களின் தாழ்நிலங்களும் சதுப்புகளும் கிடங்குகளாயின. 1970இல் நாளொன்றுக்குச் சுமார் 1,200 டன் குப்பை சேர்ந்தது. தீவின் பரப்பு அப்போது 600 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. வீடு, தொழிற்சாலை, துறைமுகம், படைத்தளம், நீர்த்தேக்கம் ஆகிய அனைத்துக்கும் அதற்குள்ளேயே இடம் காண வேண்டியிருந்தது. லிம் சூ காங் கிடங்கு 1992இலும், கடைசியாக எஞ்சிய லோரோங் ஹாலுஸ் 1999இலும் மூடப்பட்டன. மூடிய பிறகும் கிடங்கு ஓய்வதில்லை. லோரோங் ஹாலுஸில் புதைந்த குப்பையிலிருந்து கசியும் நீர் சிராங்கூன் நீர்த்தேக்கத்தில் கலக்காதபடி, அதை நாணல் பாத்திகள் வழியே சுத்திகரிக்கும் ஈரநிலம் 2011இல் அமைக்கப்பட்டது.

எரியாலைகள்

நாட்டின் முதல் எரியாலை 1979இல் உலு பாண்டானில் திறக்கப்பட்டது. சுமார் 13 கோடி வெள்ளி செலவில் எழுந்த அது நாளொன்றுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் எரிக்கக்கூடியது. அதன்பின் துவாஸ் (1986), செனோக்கோ (1992), துவாஸ் சவுத் (2000) என ஆலைகள் பெருகின. துவாஸ் சவுத் மட்டுமே நாளுக்கு 3,000 டன் கொள்ளும். உலு பாண்டான் 2009இல் மூடப்பட்டது.

இந்த ஆலைகள் இயங்கும் முறை எளியது. லாரிகள் கொட்டும் குப்பை பெரிய குழியில் விழுகிறது. பாரந்தூக்கி அதைக் கிளறி உலைக்குள் போடுகிறது. உலையின் வெப்பம் 850 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கும். அந்த வெப்பம் கொதிகலனில் நீரை நீராவியாக்க, நீராவி சுழலியை இயக்கி மின்சாரம் தருகிறது. புகை வெளியேறும்முன் தூசியும் அமில வாயுக்களும் அகற்றப்படுகின்றன. சாம்பலிலுள்ள இரும்பைக் காந்தம் பிரித்தெடுக்கிறது. இறுதியில் எஞ்சுவது குப்பையின் கன அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு.

இவ்வாறு கிடைக்கும் மின்சாரம் நாட்டின் தேவையில் ஏறக்குறைய 3 விழுக்காடுதான். சமையலறைக் கழிவில் நீர் மிகுதி. அதை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பகுதி செலவாகிவிடும். நன்றாக எரிவது பிளாஸ்டிக். ஆனால் அது பெட்ரோலியத்திலிருந்து வந்தது. எரிக்கும்போது அதிலுள்ள கரி, கரியமில வாயுவாகிக் காற்றில் சேர்கிறது. ஆகவே எரியாலையின் முதல் பயன் மின்சாரம் அன்று, இடம். பத்து லாரிச் சுமை ஒரு லாரிச் சுமையாகச் சுருங்குவதே தீவுக்குத் தேவைப்பட்டது.

செமாக்காவ்

சாம்பலுக்கும் ஓர் இடம் வேண்டும். தெற்குக் கடலில் புலாவ் செமாக்காவ், புலாவ் சக்கெங் என்னும் இரு சிறு தீவுகள் இருந்தன. அங்கு வாழ்ந்த மலாய் மீனவக் குடும்பங்கள் 1970களிலிருந்து படிப்படியாக வெளியேறின. 1990களின் நடுப்பகுதிக்குள் எஞ்சியவர்களும் முதன்மைத் தீவின் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். பிறகு இரு தீவுகளையும் இணைத்து 7 கிலோமீட்டர் நீளக் கற்கரை எழுப்பப்பட்டு, 350 ஹெக்டேர் பரப்பு அடைக்கப்பட்டது. சுமார் 61 கோடி வெள்ளி செலவான இத்தளம் 1999 ஏப்ரல் 1 முதல் இயங்கிவருகிறது.

கரையின் உட்புறம் நீர்புகாத படலமும் கடற்களிமண்ணும் இடப்பட்டன. கட்டுமானத்தில் அழிந்த அலையாத்திக் காட்டுக்கு ஈடாக 13 ஹெக்டேருக்கு மேல் புதிய கன்றுகள் நடப்பட்டன. கரையில் கசிவு ஏற்பட்டால் முதலில் வாடுவது இந்த மரங்களே என்பதால், அவை காவலாகவும் நிற்கின்றன. துவாஸிலிருந்து படகுகளில் வரும் சாம்பலும் எரிக்க முடியாத கழிவும் இங்கே கொட்டப்படுகின்றன. முதற்கட்டப் பரப்பு நிரம்பிவந்ததால் 2015இல் இரண்டாம் கட்டம் திறக்கப்பட்டது. இப்போதைய கணிப்பின்படி 2035 அளவில் தளம் முழுவதும் நிரம்பிவிடும்.

குப்பைக் குழாயும் நீலத் தொட்டியும்

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் குப்பைக் குழாய் வீட்டோடு சேர்ந்தே வந்தது. பழைய கட்டடங்களில் அது சமையலறைக்குள்ளேயே இருந்தது. 1989 முதல் கட்டியவற்றில் மாடிக்கு ஒரு பொதுக் குழாயாயிற்று. கதவைத் திறந்து பையைப் போட்டால் குப்பை கண்ணிலிருந்து மறைந்துவிடும். வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊரில் இது சுகாதாரத்துக்குப் பெரும் நன்மை. பழைய செய்தித்தாள், துணி, மின்சாதனம் ஆகியவற்றை வீடு வீடாக வந்து காசு கொடுத்து வாங்கும் 'கராங் குனி' வணிகர்கள், இதற்கு முன்பே இயங்கிய மறுபயனீட்டு வலையாக இருந்தனர்.

அரசின் தேசிய மறுபயனீட்டுத் திட்டம் 2001இல்தான் தொடங்கியது. பின்னர் ஒவ்வொரு புளோக்கின் கீழும் நீலத் தொட்டி வைக்கப்பட்டது. தாள், கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போடலாம் என்பது அதன் வசதி. அதுவே அதன் குறையும் ஆயிற்று. உணவும் நீர்மங்களும் கலப்பதால், தொட்டியில் சேர்வதில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு உதவாமல் போவதாகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் கூறுகிறது. குழாய் காலடியில் இருக்க, தொட்டிக்கோ மின்தூக்கியில் இறங்கிப் போக வேண்டும்.

புள்ளிவிவரங்களும் இதையே காட்டுகின்றன. வீட்டுக் கழிவின் மறுபயனீட்டு விகிதம் 2018இல் 22 விழுக்காடாக இருந்து 2022இல் 12 விழுக்காடாகக் குறைந்தது. 2022இல் நாட்டின் மொத்த விகிதம் 57 விழுக்காடு. கட்டட இடிபாடும் உலோகமும் அநேகமாக முழுவதுமாக மீட்கப்படுவதால் வந்த உயர்வு அது. வீடுகளின் பங்கு அதில் சிறிது.

இன்றைய நிலை

சுழியக் கழிவுப் பெருந்திட்டம் 2019இல் வெளியானது. நிரப்புதளத்துக்குப் போகும் கழிவை ஆள்வீதம் 2030க்குள் 30 விழுக்காடு குறைப்பது அதன் இலக்கு. 2014 முதல் புதிய வீவக கட்டடங்களில் மறுபயனீட்டுப் பொருளுக்கென்று தனிக் குழாய் அமைக்கப்படுகிறது. 2023 ஜூலையிலிருந்து பெரிய பேரங்காடிகள் பைக்குக் குறைந்தது 5 காசு வசூலிக்கின்றன. சாம்பலைச் சாலை போடும் பொருளாக்கும் சோதனைகள் நடக்கின்றன. துவாஸில், உணவுக் கழிவையும் கழிவுநீர்க் கசடையும் ஒன்றாக நொதிக்கச் செய்து எரிவாயு எடுக்கும் வளாகம் திட்டமிடப்பட்டுக் கட்டப்பட்டுவருகிறது.

கப்பல் வழித்தடங்களும் துறைமுகங்களும் நெருங்கிய அக்கடலில் இன்னொரு செமாக்காவுக்கு இடம் காண்பது கடினம். 1979இல் எரியாலை கிடங்கின் ஆயுளை நீட்டியதுபோல, இனி நிரப்புதளத்தின் ஆயுளை நீட்ட வேண்டியவை குழாய்க்கு மேலேயுள்ள வீடுகள். புதிய ஆலை ஒன்றைச் சில ஆண்டுகளில் கட்டி முடிக்கலாம். இரண்டு தலைமுறைகள் பழகிய கைப்பழக்கத்தை மாற்றுவதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதைப் பொறுத்தே செமாக்காவின் எஞ்சிய காலம் அமையும்.