செத்தவன் எதிரியா, காவலா?

ஓசூரில் என் தங்கை வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம். பிரியாணியின் புண்ணியத்தில் வீடே கண்ணசந்து கிடக்கிறது. ஹாலில் மட்டும் 'சரக்... சரக்...' என்று வெட்டுச் சத்தம். எட்டிப் பார்த்தால், எட்டாவது படிக்கும் தங்கை மகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். திரையில் அவன் கையில் ஒரு நீண்ட வாள். எதிரே தள்ளாடித் தள்ளாடி வருகிறது ஒரு பிணக்கூட்டம்.

'என்னடா இது?'

'ஜாம்பி கேம், மாமா. ஊரே செத்துப்போச்சு. செத்தவங்க எல்லாம் எந்திரிச்சு வந்து கடிக்கிறாங்க. நான் ஒருத்தன்தான் மிச்சம்.'

பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்த அரை மணி நேரம் பையன் எனக்குப் பாடமே நடத்திவிட்டான். ஜாம்பியில் பல ஜாதி உண்டாம். ஒருவன் மெதுவாக நடப்பான். தனியாக வந்தால் பயமில்லை, கும்பலாக வந்தால் ஆபத்து. ஒருவன் ஓடிவந்து மேலே பாய்வான். ஒருவன் ஊதிப்போன உடம்புக்காரன். கிட்டப் போய் வெட்டினால் வெடித்துவிடுவான். கடைசியாக மலை மாதிரி ஒருவன். அவனை நாலு வெட்டு, எட்டு வெட்டு ஒன்றும் செய்யாது.

'துப்பாக்கிதான் இருக்கே, எதுக்குடா வாள்?'

'சுட்டா சத்தம் கேக்கும் மாமா. மொத்தக் கும்பலும் வந்துடும். குண்டும் தீர்ந்துடும். வாளுக்கு அந்தத் தொல்லையே இல்ல. ஆனா வெட்ட வெட்ட மழுங்கிடும். ரிப்பேர் பண்ணிக்கணும்.'

'சரி, இப்ப வெட்டுனியே... அவன் பேரு என்ன?'

பையன் என்னை விநோதமாகப் பார்த்தான். 'பேரா? ஜாம்பிக்கு ஏது மாமா பேரு?'

அந்த ஒரு பதில் ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை.

*

ஜாம்பி எங்கே பிறந்தது தெரியுமா? கரீபியன் கடலில் இருக்கும் ஹைட்டியில். பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைப் பிடித்துக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த அடிமைகளுக்கு இருந்த ஒரே விடுதலை சாவு. அதிலும் ஒரு பயம் வந்தது. செத்த பிறகும் மந்திரம் போட்டு எழுப்பி மறுபடி வேலை வாங்கினால்? அந்தப் பயத்தின் பெயர்தான் 'ஸோம்பி'. அது யாரையும் கடிக்கிற பேய் இல்லை. சுயபுத்தி பறிக்கப்பட்டு, சொன்ன வேலையைச் செய்துகொண்டே இருக்கிற பாவப்பட்ட பிணம்.

1804-ல் ஹைட்டி விடுதலை பெற்றது. கதை மட்டும் அமெரிக்காவுக்குப் போனது. 1932-ல் 'ஒயிட் ஸோம்பி' என்று ஹாலிவுட் படமே எடுத்துவிட்டது. 1968-ல் ஜார்ஜ் ரொமேரோ 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' எடுத்தபோது பிணங்கள் மனிதக்கறி தின்ன ஆரம்பித்தன. 1996-ல் ஜப்பானின் கேப்காம் கம்பெனி 'ரெசிடென்ட் ஈவில்' விளையாட்டை இறக்கியது. 2008-ல் வந்த 'லெஃப்ட் ஃபோர் டெட்' எதிரிகளைக் கச்சிதமாக வகை பிரித்தது: பாய்கிறவன், ஊதியவன், நாக்கால் இழுக்கிறவன், மலைபோல் ஒருவன். அடுத்த வருடமே வந்த இரண்டாம் பாகத்தில் ஜப்பானிய வாளும் கைக்கு வந்தது. தமிழில் 2016-ல் 'மிருதன்' வந்ததும் உங்களுக்குத் தெரியும்.

ஆக, அடிமையாகச் செத்தவன் கடைசியில் நம் பிள்ளைகளின் வாளுக்கு இலக்காக வந்து நிற்கிறான். அவன் ஊர், பேர், யார் பிள்ளை... எல்லாவற்றையும் வழியிலேயே உதிர்த்துவிட்டு!

சரி, இதற்கும் ஓசூருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. வகைவகையான எதிரி, கையில் வாள், செத்தும் போகாமல் நிற்கிற மனிதன். இந்த மூன்றையும் இந்த மண் ஆயிரம் வருடத்துக்கு முன்பே கல்லில் செதுக்கி வைத்திருக்கிறது. அதற்குப் பெயர் நடுகல்.

*

முதலில் வாளைப் பார்த்துவிடுவோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், பர்கூர் பக்கம் மயிலாடும்பாறை. தமிழகத் தொல்லியல் துறை 2021-ல் அங்கே அகழாய்வு செய்தது. அந்த மண்ணில் இரும்புப் பயன்பாடு கி.மு. 2172 வரை போகிறது என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். அங்கே ஓர் ஈமக்குழியில் சுமார் 70 சென்டிமீட்டர் நீள இரும்பு வாள் ஒன்றும் கிடைத்தது. கி.மு. 2172 அந்த வாளின் வயது இல்லை. அந்த ஊர் இரும்பின் வயது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள்... யாரோ ஒருவரைப் புதைக்கும்போது கூடவே ஒரு வாளையும் வைத்திருக்கிறார்கள். செத்த பிறகும் அவர் கையில் அது இருக்கவேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

அப்புறம் கல் வந்தது. சண்டையில் செத்தவனுக்குக் கல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் ஆறு படிகள் சொல்கிறது. நல்ல கல்லாகத் தேடிப் பார்ப்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, சிறப்புச் செய்து படைப்பது, கடைசியாக வாழ்த்துவது. அதாவது, செத்தவனை ஊர் மறுபடியும் எழுப்பி நிறுத்துகிறது. கடிக்க அல்ல, காக்க!

இனி எதிரிகளின் பட்டியல்.

முதல் எதிரி, மாடு பிடிக்க வருகிறவன். இதை லேசாக நினைக்காதீர்கள். நான் பி.காம். படித்தவன், எனக்கு இது உடனே புரிந்தது. தமிழில் 'மாடு' என்றாலே செல்வம் என்றும் ஓர் அர்த்தம் உண்டு. பக்கத்து ஊர்க்காரன் ராத்திரியில் வந்து மந்தையை ஓட்டிக்கொண்டு போனால், அது இன்றைய கணக்கில் பேங்க் கொள்ளை. கவரப் போனவன் வெட்சிப் பூ சூடினான். மீட்கப் போனவன் கரந்தை சூடினான். இரண்டு பக்கமும் செத்தார்கள், இரண்டு பக்கத்துக்கும் கல் உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் வட்டாரங்களில் கிடைத்த பழைய கற்களில் பாதிக் கதை இதுதான். வீரன் ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளுமாக நிற்பான். உடம்பில் அம்புகள் தைத்திருக்கும். சிலவற்றில் காலடியில் மாடுகள்.

இரண்டாவது எதிரி, புலி. இந்தக் கல்லை மக்கள் 'புலிகுத்திப் பட்டான் கல்' என்கிறார்கள். அந்த வார்த்தையிலேயே வாள்வித்தை ஒளிந்திருக்கிறது. 'வெட்டி' இல்லை, 'குத்தி'. பாய்கிற புலிக்கு முன்னால் வாளை ஓங்குவதற்கு நேரம் எங்கே இருக்கிறது? கிட்டே வரும்போது குறுவாளைச் செருக வேண்டியதுதான். கல்லிலும் அப்படித்தான் இருக்கும். புலி பின்னங்காலில் எழுந்து நிற்க, மனிதன் அதன் உடம்பில் ஆயுதத்தைப் பாய்ச்சுவான். 'பட்டான்' என்றால் செத்தான். ஜெயித்தானா தோற்றானா என்பது அல்ல விஷயம். எதிரே நின்றான், செத்தான். அதற்குத்தான் கல்.

மூன்றாவது எதிரி, காட்டுப்பன்றி. இதற்கு எல்லையைத் தாண்டி மண்டியா பக்கம் ஆதகூருக்குப் போகவேண்டும். 949-ல் நம் அரக்கோணம் அருகே தக்கோலத்தில் பெரிய போர். சோழ இளவரசன் இராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே செத்தான். ஜெயித்த பக்கத்தில் இருந்த கங்க அரசன் பூதுகன், தன் வீரன் மணலேராவிடம் 'என்ன வேண்டும், கேள்' என்றான். அவன் பொன் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. அரசன் வளர்த்த காளி என்ற வேட்டை நாயைக் கேட்டான்! பிறகு ஒருநாள் அந்தக் காளி ஒரு பெரிய பன்றியோடு மோதி, இரண்டுமே செத்தன. நாய்க்குக் கல் நட்டார்கள். அதற்கு நிலம் விட்டார்கள். 'இந்தக் கல்லுக்குப் பூஜை செய்யாமல் சாப்பிடுகிற பூசாரிக்கு அந்த நாய் செய்த பாவமெல்லாம் சேரட்டும்' என்கிற அர்த்தத்தில் எழுதியும் வைத்தார்கள்.

இது கன்னடத்துக் கதை என்று விட்டுவிடாதீர்கள். அதற்கு முன்னூறு வருடத்துக்கு முன்னாலேயே, செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. வீரன் பெயர் கருந்தேவக்கத்தி. பக்கத்தில் அவன் நாய். கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள்: கோவிவன்.

'ஜாம்பிக்கு ஏது மாமா பேரு?' என்றானே பையன்... இங்கே நாய்க்கே பெயர் இருக்கிறது!

நான்காவது எதிரி, படை. ஓசூரிலிருந்து பெங்களூர் போகிற ரோட்டில் பொம்மனஹள்ளி பக்கம் பிரிந்தால் பேகூர். அங்கே நாகேஸ்வரர் கோயிலில் சுமார் 890-ஆம் ஆண்டுக் கல் ஒன்று, 'பெங்களூர்ச் சண்டை'யில் ஒருவன் செத்ததைச் சொல்கிறது. பெங்களூர் என்ற பெயர் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய இடம் அது. ஆமாம், இத்தனை பெரிய ஐ.டி. நகரத்தின் பெயரை முதலில் நமக்குச் சொன்னது ஒரு செத்த வீரனின் கல்! அதே பேகூரில் கிடைத்த இன்னொரு கல்லில் குதிரையும் யானையும் மோத, போர்க்களமே விரிகிறது. நுளம்பரோடு நடந்த சண்டையில் யானைகளை எதிர்த்து மாண்டான் நாகத்தரன் என்பவன். பையன் சொன்ன அந்த மலைபோன்ற எதிரி நினைவுக்கு வருகிறானா?

பல்லவர், கங்கர், நுளம்பர், சோழர், ஹொய்சளர் என்று மாறி மாறி ஆண்ட எல்லை நிலம் இது. அதனால்தான் இங்கே கல்லும் இரண்டு பாஷை பேசுகிறது. தெற்கே வட்டெழுத்தில் தமிழ்; வடக்கே போகப்போகக் கன்னடம். கன்னட பாணிக் கற்களில் மூன்று அடுக்கு இருக்கும். கீழே சண்டை, நடுவில் தேவகன்னிகள் அவனைத் தூக்கிப் போவது, மேலே அவன் சிவலிங்கத்தின் முன்னால் இருப்பது. மூன்று 'லெவல்'!

*

வாள் மழுங்கும் என்றானே, அதுவும் நம்மிடம் உண்டு. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனார். அவன் தன் ஆயுதசாலையைப் பெருமையாகக் காட்டினான். எல்லாம் நெய் பூசி, மயிற்பீலி சூட்டிப் பளபளவென்று இருந்தன. ஔவை சொன்னதன் சாரம் இதுதான்: 'எங்கள் மன்னன் ஆயுதங்கள் இப்படி இல்லை. குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன.' புறநானூறு 95-வது பாட்டு. புகழ்வதுபோல் இகழ்வது எப்படி என்று இதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். கிருஷ்ணகிரியும் 2004 வரை தருமபுரி மாவட்டம்தான். ஆகவே அந்தப் பட்டறையில் நமக்கும் பங்கு உண்டு.

அதே ஔவை, அதியமான் செத்தபிறகு பாடியது 232-வது பாட்டு. அவனுக்கு நட்ட கல்லின்மேல் பீலி சூட்டிச் சின்னக் கிண்ணத்தில் கள் வைக்கிறார்கள். நாட்டையே கொடுத்தாலும் வேண்டாம் என்றவன் இந்தத் துளியையா வாங்கிக்கொள்வான் என்று கேட்கிறார். ஜாம்பி விளையாட்டில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. செத்தவனுக்கு என்ன தருவது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

இங்கே ஊர் கேட்டது. செத்தவன் குடும்பத்துக்கு நிலம் எழுதி வைத்தார்கள். அதற்கு 'உதிரப்பட்டி', 'நெய்த்தோர்பட்டி' என்று பெயர். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றே, ரத்தத்துக்குத் தந்த நிலம். ஊர்க் கணக்குப் புத்தகத்தில் வரவுப் பக்கம் அவன் உயிர், செலவுப் பக்கம் அந்த நிலம். கணக்கு நேராகாதுதான். ஆனாலும் எழுதினார்கள் பாருங்கள்!

*

அடுத்த ஞாயிறு பையனைக் காரில் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி பக்கம் போனேன். ரோட்டோரம் ஒரு வேப்பமரம். அடியில் இடுப்பளவு கல். மஞ்சள், குங்குமம். எண்ணெய் பட்டுப் பட்டுக் கறுத்த உருவம். ஓங்கிய கையில் வாள் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. விளக்கு வைத்துக்கொண்டிருந்த பாட்டியிடம் கேட்டேன்.

'வேடியப்பன் சாமி, தம்பி. ஆடு மாட்டைக் காப்பாத்துற சாமி.'

பெயர் மறந்துபோய், சாமியாகிவிட்ட வீரன். ஆனால் வேலை மட்டும் மறக்கவில்லை. இன்னமும் மாடு காக்கிறான்.

பையன் குனிந்து பார்த்தான். 'மாமா, இவருக்கு எத்தனை லைஃப்?'

'ஒண்ணுதான்டா.'

பேசாமல் நின்றான். அப்புறம், 'திரும்ப வர முடியாதுன்னு தெரிஞ்சேவா போனாரு?' என்றான். எனக்கு பதில் சொல்லத் தெரியவில்லை.

எல்லா வேடியப்பனுக்கும் விளக்கு வைக்கப் பாட்டி இல்லை. சிப்காட் வந்து ஓசூர் வளர்ந்தது நல்லதுதான். எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனால் அதோடு லேஅவுட்டும் வந்தது, நாலுவழிச் சாலையும் வந்தது, கிரானைட் குவாரியும் வந்தது. துணி துவைக்கிற கல்லாக, வாய்க்காலுக்குப் பாலமாகக் கவிழ்ந்து கிடக்கும் வீரர்கள் உண்டு. ஆகவே ஒரு வேண்டுகோள். மனை பார்க்கப் போகிற இடத்தில், கையில் வாளோடு ஒரு மனிதனைச் செதுக்கிய கல் கண்ணில் பட்டால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். போட்டோ எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள். ஜே.சி.பி. டிரைவரிடமும் சொல்லுங்கள்; அவர் நினைத்தால் போதும்.

திரும்பி வரும்போது பையன் போனை எடுக்கவில்லை. ஜன்னல் வழியாக ரோட்டோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். சூளகிரி தாண்டியதும் திடீரென்று கத்தினான்.

'மாமா, நிறுத்துங்க! அங்க ஒரு கல்லு!'

அது மைல்கல். இருந்தாலும் நிறுத்தினேன்.