ஆசிரியருக்குக் கால் பங்குதான்: தமிழ் வகுப்பின் பழைய விதிகள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒவ்வொரு வகுப்பிலும் விதிகள் சொல்லப்படும். கட்டுரை நோட்டு தனி, மனப்பாடப் பகுதி வாரம் ஒன்று, திங்கட்கிழமை தேர்வு, கையெழுத்து வாங்காமல் வந்தால் வெளியே. பத்தாம் வகுப்பென்றால் விதிகள் இன்னும் கூடும். இந்த விதிகளுக்கெல்லாம் ஒரு பாட்டன் இருக்கிறது. இலக்கியம் கற்பிக்கும் வகுப்பில் ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், மாணவர் எப்படி நடக்க வேண்டும், யாரைச் சேர்க்கலாம், எவ்வளவு கற்றால் எவ்வளவு தேறும் என்று வரிசையாக எழுதி வைத்த ஆவணம் தமிழில் சுமார் 800 ஆண்டுகளாக இருக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல்தான் அது. இலக்கண நூல் என்று நாம் ஒதுக்கிவிட்ட அதன் முன்பகுதியாகிய பொதுப்பாயிரத்தில் இவை எல்லாம் உள்ளன.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொள்ள, சமணத் துறவியான பவணந்தி இதைச் செய்தார். அதன் பிறகு தமிழ் கற்றவர் எவரும் இதைத் தாண்டிப் போகவில்லை. மடங்களிலும் புலவர்களின் வீட்டுத் திண்ணைகளிலும் பல தலைமுறைகள் இதைப் பாடம் கேட்டன.

நன்னூல் முதலில் கை வைப்பது மாணவன் மீது அல்ல, ஆசிரியர் மீது. நல்லாசிரியர் நிலம்போலப் பொறுமையும், மலைபோல அசையாமையும், துலாக்கோல்போல நடுநிலையும், மலர்போல மென்மையும் உடையவர். ஆசிரியர் ஆகத் தகாதவர்க்கும் நான்கு உவமைகள் உண்டு. கழற்சிக்காய் போட்ட குடம்: போட்ட வரிசை ஒன்று, கொட்டும் வரிசை வேறு. மடல் நிறைந்த பனை: யாரும் ஏற முடியாது, தானாக விழுந்தால்தான் பழம். பஞ்சு அடைத்த குடுக்கை: கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே போகும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வரும். வளைந்த தென்னை: தண்ணீர் ஊற்றியவன் ஒருவன், காய் விழுவது அடுத்தவன் கொல்லையில். ஆசிரியர் அறையில் இந்த நான்கு பேரையும் பார்த்திராதவர் உண்டா?

கற்பிக்கும் முறையையும் சொல்கிறது. காலமும் இடமும் அறிந்து, சொல்ல வேண்டியதை முன்பே மனத்தில் அமைத்துக்கொண்டு, அவசரமின்றி, கோபமின்றி, மலர்ந்த முகத்தோடு, கேட்பவனால் எவ்வளவு வாங்கிக்கொள்ள முடியும் என்று பார்த்து, அவன் கொள்ளும் வகையில் சொல்ல வேண்டும். இன்றைய பணியிடைப் பயிற்சிகளில் சொல்லப்படுவதில் பாதி இதில் அடங்கிவிடும்.

அடுத்து மாணவர். நீரை விட்டுப் பாலைக் கொள்ளும் அன்னமும், வயிறார மேய்ந்துவிட்டுப் பிறகு ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் பசுவும் முதல் வரிசை. உழைப்புக்குத் தக்க விளைச்சல் தரும் மண்ணும், சொல்லிக்கொடுத்ததை மட்டும் திருப்பிச் சொல்லும் கிளியும் இடை வரிசை. ஓட்டைக் குடமும், செடிக்குச் செடி தாவும் ஆடும், குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும் எருமையும், நெய்யை விட்டு அழுக்கைப் பிடித்துக்கொள்ளும் பன்னாடையும் கடை வரிசை.

இங்கே கவனிக்க வேண்டியது கிளி நிற்கும் இடம். நன்னூல் மனப்பாடத்தை இகழவில்லை. பாடத்தைப் போற்றிச் சொல்லிப் பார்ப்பது கற்கும் முறைகளில் ஒன்று என்றே சொல்கிறது. ஆனால் சொன்னதைச் சொல்பவனை அது முதல் வரிசையில் உட்கார வைக்கவில்லை. இன்றைய பொதுத்தேர்வு முறையில் முதல் வரிசை முழுக்கக் கிளிகள்தான்.

நன்னூலின் முக்கியமான விதி இதற்குப் பிறகு வருகிறது. ஆசிரியர் சொன்னதை ஒரு மாணவன் சிந்தாமல் சிதறாமல் வாங்கிக்கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது புலமையில் கால் பங்குதான். உடன் பயில்பவரோடு பழகி, வினவி, விடை சொல்லி இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு எப்போது வரும்? தான் கற்றதைப் பிறருக்கு விரித்து எடுத்துச் சொல்லும்போது வரும். நம் மதிப்பெண் கணக்கில் சொன்னால் ஆசிரியருக்கு 25, தோழர்களுக்கு 25, எடுத்துரைத்தலுக்கு 50.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். சென்னை எழும்பூரில் ஆண் அனாதைச் சிறுவர் இல்லத்துக்கு 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்குள்ள பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தம் இல்லத்தில் அதைச் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் இணங்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டே மற்றவர்களுக்குச் சொல்லித்தர வைத்தார். பலன் தெரிந்தது. ஊர் திரும்பி 1797இல் லண்டனில் இதை நூலாக வெளியிட்டார். மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிக்கும் இந்த முறை ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது. ஸ்காட்லாந்தில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளி இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றே வழங்குகிறது.

அரைப் பங்கு விதிக்கு உ.வே.சாமிநாதையர் வாழ்க்கையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். 1876இல் ஆசிரியர் மறைந்த பின் திருவாவடுதுறை மடத்தில் பிறருக்குப் பாடம் சொன்னார். 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் ஆனார். அதே ஆண்டு அங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதி, கோவை, உலா, பிள்ளைத்தமிழ் என்று அடுக்கினார். முதலியார் அசரவில்லை, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அந்த ஏட்டையே பார்த்ததில்லை. பிறகு முதலியாருக்கு அதைப் பாடம் சொல்லும் பொறுப்பை ஏற்றார். சொல்லித்தர வேண்டும் என்பதற்காகவே நச்சினார்க்கினியர் உரையோடு போராடினார். விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சமண அன்பர்களிடம் போய்க் கேட்டார். 1887இல் சிந்தாமணி அச்சாகி வந்தது. பத்துப்பாட்டும் புறநானூறும் அதன் பின்னால் வந்தன. ஆசிரியர் தந்த கால் பங்கோடு அவர் நின்றிருந்தால் இவற்றை அவர் கையிலிருந்து நாம் பெற்றிருக்க மாட்டோம்.

இதுவரை படித்துவிட்டு, ‘ஆகா, அந்தக் காலமே பொற்காலம்’ என்று பின்னூட்டம் போடக் கை நீளும். கொஞ்சம் நிறுத்துங்கள். இதே பாயிரம் ஆசிரியருக்குச் சொல்லும் தகுதிகளில் முதலில் நிற்பது குலம். பாடம் கேட்கத் தகுந்தவர் பட்டியலில் ஆசிரியரின் மகனும், அரசன் மகனும், நிறையப் பொருள் தருபவனும் இருக்கிறார்கள். பாடம் சொல்லக் கூடாதவர் என்றும் நீண்ட பட்டியல் உண்டு. குடிகாரன், திருடன், வஞ்சகன் ஆகியோரோடு நோயாளியும், மந்தமானவனும், பழைய நூல்களைக் கண்டு அஞ்சித் தடுமாறுபவனும் அதில் சேர்ந்தே நிற்கிறார்கள். ‘ஏழை’ என்ற சொல்லும் வருகிறது. அங்கே அதற்கு அறிவில்லாதவன் என்பதே பொருள், பணமில்லாதவன் அல்ல. ஆனால் நடைமுறையில் பணமில்லாதவனும் வெளியேதான் நின்றான். பட்டியல் முழுக்க மகன்கள். மகள் ஒருத்திகூட இல்லை. திண்ணைப் பள்ளியிலோ கோதண்டம் என்று ஒரு தண்டனை இருந்தது. விட்டத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துப் பையன் தொங்க வேண்டும்.

அந்தக் கதவைத் திறக்க நெடுங்காலம் ஆயிற்று. 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் பசித்த பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கையை மறுக்கக் கூடாது, அடிக்கக் கூடாது என்றது. நன்னூல் வெளியே நிறுத்திய மந்தனும், நோயாளியும், பழந்தமிழைக் கண்டு அஞ்சுபவனும் இன்று நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். முக்கியமாக, அவன் தங்கையும் இருக்கிறாள். இந்த ஒரு மாற்றத்துக்கு ஈடாக எந்தப் பொற்காலத்தையும் நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

என் வருத்தம் வேறு. எல்லோரையும் உள்ளே விட்டோம். அதே வேகத்தில் முக்கால் பங்கை வெளியே தள்ளிவிட்டோம். 2019-20 கல்வியாண்டில் பத்தாம் வகுப்புத் தமிழின் இரண்டு தாள்கள் ஒரே தாளாகின. சுமை குறைந்தது நல்லதே. ஆனால் இரண்டாக இருந்தபோதும் ஒன்றானபோதும் வினாத்தாளில் கேள்வி கேட்பது நாம். பிள்ளை கேட்க இடமில்லை. ஒரு பாடலைப் பக்கத்துப் பெஞ்சு தோழனுக்கு விளக்கத் தெரிந்தவளுக்கும், உரைநூலை அப்படியே எழுதியவளுக்கும் ஒரே மதிப்பெண். பிறகு ‘பிள்ளைகளுக்குத் தமிழ் ஆர்வம் இல்லை’ என்று மேடையில் பேசுகிறோம்.

இளம் தமிழாசிரியர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. அரசாணை எதற்கும் காத்திருக்க வேண்டாம். வாரத்தில் ஒரு பாடவேளை நீங்கள் பின் பெஞ்சில் உட்காருங்கள். ஒரு செய்யுளை ஒரு மாணவி எழுந்து விளக்கட்டும். மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். நன்றாகப் படிக்கும் நான்கு பேரையே திரும்பத் திரும்ப அழைக்காதீர்கள். தடுமாறுபவருக்குச் சின்னப் பகுதியாகக் கொடுத்து, முதல் நாளே உடன் இருந்து தயார் செய்யுங்கள். தவறாகச் சொன்னால் அங்கேயே மறிக்காமல், முடித்த பின் திருத்துங்கள். பாடத்திட்டம் முடியாது என்று தலைமையாசிரியர் கேட்டால், திருப்புதல் நடக்கிறது என்று தைரியமாகச் சொல்லுங்கள். அது பொய்யும் அல்ல.

நீங்கள் பள்ளியில் படித்த தமிழ்ப் பாடங்களில் இன்றும் நினைவில் நிற்பது எது? அதை யாருக்காவது நீங்கள் எடுத்துச் சொன்னதுண்டா? நேரம் இருப்பவர்கள் பின்னூட்டத்தில் எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.