இருதுருவ மனநோயும் உடலின் அழற்சியும்

சில கிழமைகள் நித்திரையே தேவைப்படாத எழுச்சி, ஓயாத பேச்சு, கைமீறிய செலவு. பிறகு மாதக்கணக்கில் பாயை விட்டு எழும்ப முடியாத சோர்வு. இருதுருவ மனநோய் இப்படித்தான் வந்து போகும். ஊரில் இதைக் குணக்கேடு என்று சொல்வோரை இன்றும் காண்கிறேன். ஆனால் இது உடம்பிலும் தடயம் விடும் நோய்.

காயம் பட்ட இடம் சிவந்து வீங்குவது அழற்சி. வெளியே தெரியாமல் உடல் முழுவதும் மெல்லியதாக நீடிக்கும் அழற்சியும் உண்டு. எழுச்சிக் கட்டத்தில் உள்ளவர்களின் குருதியில் சீ.ஆர்.பி., இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிக் குறிகாட்டிகள் கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. நோய் நீண்டகாலம் தொடர்ந்தவர்களில் அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10 குறைந்திருந்ததை 2009 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அழற்சிதான் நோயை வளர்க்கிறதா, அல்லது நோயும் நித்திரையின்மையும் புகைத்தலும் அழற்சியைக் கூட்டுகின்றனவா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

அப்படியென்றால் அழற்சிக்கு மருந்து கொடுத்தால் போதாதா? பாகிஸ்தானில் 266 நோயாளிகளிடம் மினோசைக்கிளின், செலிகொக்சிப் மருந்துகளைப் பரிசோதித்தார்கள். 2020 இல் வெளியான முடிவு: சோர்வுக் கட்டத்துக்குப் பயனில்லை. 2019 இல் வெளியான இன்ஃப்ளிக்சிமாப் ஆய்வும் மொத்தத்தில் தோல்விதான். சிறுவயதில் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டவர்களிடம் மட்டும் ஓரளவு பலன் தெரிந்தது. 60 பேரைக் கொண்ட சிறிய ஆய்வு அது. என்றாலும், பங்கருக்குள் சிறுபராயத்தைக் கழித்த பிள்ளைகளைத் தெரிந்த எனக்கு அந்த ஒரு முடிவைக் கடந்துபோக முடியவில்லை.

இந்நோய்க்கு இன்றும் முதன்மையான மருந்து லித்தியம். 1949 இல் அதன் பயனை எழுதிய ஜோன் கேட், சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்று வருடங்களுக்கு மேல் போர்க்கைதியாக இருந்த அவுஸ்திரேலிய வைத்தியர்.

எங்களுக்கு அவசரமான விடயம் இனித்தான். உடம்பில் எறிகணைத் துண்டுகளோடு வாழ்பவர்கள் வலிக்கு டைகுளோபெனாக், இபுபுறோபன் வாங்கிப் போடுகிறார்கள். அழற்சியைக் குறைக்கும் இந்த மாத்திரைகள், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைக்கும். குருதியில் லித்தியம் ஏறி நஞ்சாகலாம். வெயிலில் வேர்த்துக் களைத்தாலும், வயிற்றோட்டம் வந்தாலும், திடீரென உப்பைக் குறைத்தாலும் இதே ஆபத்து உண்டு. கை பலமாக நடுங்குதல், வாந்தி, தள்ளாட்டம், நாக்குழறல் தெரிந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். வலிக்குப் பொதுவாகப் பரசிற்றமோல் பாதுகாப்பானது. லித்தியத்தை நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம். திடீரென நிறுத்தினால் எழுச்சி திரும்பும். மருந்துக்கடைக்குப் போகும்போது கிளினிக் கொப்பியையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.